மூணு சுவர்

"இன்னும் கொஞ்சம் பெரிசா திறங்க டீச்சர்" என்கிறாள் நஸ்ரின். இதற்கு மேல் திறந்தால் தாடை கழன்று காதோரம் போய்விடும் என்று சொல்ல நினைக்கிறேன், ஆனால் சொல்வதற்கு வாய் வேண்டுமே, அது இப்போது அவள் கையில் இருக்கிறது. முகத்தின் மேல் பச்சைத் துணி, அதில் வாய்க்கு மட்டும் ஒரு ஓட்டை, துணியின் இழைகளுக்குள் விளக்கு வெளிச்சம் இளநீர்க் காயின் நிறத்தில் தெரிகிறது. ஊசி போட்ட பக்கம் உதடு வெந்த இட்லி மாதிரி கனக்கிறது, நாக்கில் பாதியைக் காணோம். இத்தனை வருஷமும் மைதானத்தில் நின்று நான் போட்ட சத்தமெல்லாம் இதே வார்த்தைதான், இன்னும் கொஞ்சம், இன்னும் வேகமா, இன்னும் உயரமா, மூச்சை விடாதே ஓடு ஓடு என்று. அதையெல்லாம் கேட்டுக்கொண்டு புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்த பிள்ளை இவள், நஸ்ரின் பாத்திமா, ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, பி.டி. பீரியட் வந்தால் மட்டும் வயிற்றுவலி வந்துவிடும், மணி அடித்ததும் சரியாகிவிடும், நானும் அது பொய் என்று தெரிந்தே போ உட்காரு என்று விட்டுவிடுவேன், ஏனென்றால் மற்றப் பிள்ளைகள் ஓடுவதை அவள் பார்க்கிற பார்வை எனக்குப் பிடிக்கும், எந்தப் பிள்ளை எந்தக் காலை நொண்டுகிறது என்று என்னை விட முதலில் அவள் சொல்லிவிடுவாள். இன்றைக்கு அவள் பல் டாக்டர், வயிற்றுவலி என்று சொல்ல வேண்டியவள் நான். மரத்தடிதான் இல்லை. கீழே அல்வாக் கடை இருக்கிறது, பல் ஆஸ்பத்திரிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் பாளையங்கோட்டையில் கிடைக்காது, படியேறும்போதே நெய் வாசனை கூடவே ஏறி வந்தது, இப்போதும் மருந்து வாசனைக்கு அடியில் அது இருக்கிறது, மூக்குக்கு ஊசி போடவில்லை, ஆகையால் கொதிக்கிற நெய்யை மோந்துகொண்டே கிடக்கிறேன், சர்க்கரைக்காரி, வாயைத் திறந்துகொண்டு.

ஈறை அறுக்கிறாள் போலிருக்கிறது. வலி இல்லை, யாரோ பக்கத்து வீட்டில் தையல் பிரிக்கிற மாதிரி. சுகந்தி அக்கா, இங்கே ரொம்ப நாளாக நர்ஸாக இருக்கிறவள், உறிஞ்சுகிற குழாயைக் கன்னத்தோரம் வைத்திருக்கிறாள், அது கடைசிச் சொட்டு மோரைக் குடிக்கிற பிள்ளை மாதிரி கொர்ரென்கிறது. பயப்படவில்லை நான், பயம் என்று சொல்ல முடியாது, என்னவென்று தெரிந்தால் பயப்படலாம், இங்கே என்னவென்று நஸ்ரினுக்கே இன்னும் தெரியாது. கொய்யாப்பழம் கடித்தபோதுதான் ஆரம்பித்தது, விளையாட்டு விழா அன்றைக்கு, கடித்த இடத்தில் கோரைப்பல் லேசாக வழிவிட்டது, கதவு தாழ்ப்பாள் போடாமல் இருக்கிற மாதிரி. கீழ் வரிசை, வலது பக்கம். விசிலை நான் கவ்விப் பிடிக்கிற பல். நாக்கால் தள்ளிப் பார்த்தேன், அசைந்தது; தள்ளக் கூடாது என்று நினைத்து மறுபடியும் தள்ளினேன். அன்றையிலிருந்து நாக்குக்கு வேறு வேலையே இல்லை, பிரேயரில் நிற்கும்போதும், வருகைப் பதிவு எடுக்கும்போதும் போய்த் தள்ளிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். நஸ்ரின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். பல் நன்றாகத்தான் இருக்கிறது, அது நிற்கிற எலும்புதான் ஈறு நோயில் கரைந்துபோய்விட்டது என்றாள். வேர்ப்பக்கம் ஒரு கறுப்பு நிழல், மழை அரித்த வரப்பு மாதிரி. நிழலை வைத்து ஆழம்தான் சொல்ல முடியுமாம், பள்ளத்தைச் சுற்றி எத்தனை பக்கம் எலும்புச் சுவர் மிச்சம் இருக்கிறது என்பது ஈறைத் திறந்து பார்த்தால்தான் தெரியுமாம். மூணு பக்கமும் சுவர் நின்றால் அதற்குள் எலும்புத் தூளை வைத்துத் தைத்துவிடலாம், தூள் நிற்கும், எலும்பு வளரும், பல் பிழைத்துக்கொள்ளும். ஒத்தைச் சுவர்தான் மிச்சம் என்றால் வைத்த தூள் சரிந்து போகும், பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. எதுவானாலும் இன்றைக்கே செய்துவிடு என்று நான்தான் சொன்னேன், பெரிய தைரியசாலி மாதிரி. ஆகவே இப்போது அவள் திறந்துகொண்டிருக்கிறாள், மூணா ஒண்ணா என்று பார்க்க. ரெண்டு என்றால் என்ன செய்வாள்? அதைக் கேட்க மறந்துபோனேனே. ரெண்டு சுவர் என்று ஒன்று உண்டா? கேட்கவும் முடியாது, ஆங், ஊங் என்றுதான் வரும், அதற்கு அவள் வலிக்கிறதா டீச்சர் என்று இன்னொரு ஊசி போட்டுவிடுவாள்.

அப்பாவுக்கு எத்தனை சுவர் இருந்ததோ. அப்பாவை நினைக்கக் கூடாது என்று வரும்போதே முடிவு செய்திருந்தேன், அதனாலேயே வந்துவிட்டார். தபால் ஆபீசில் வேலை, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதபாடம் வாசிக்கிறவர், மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும், என் தொண்டை அவர் கொடுத்ததுதான். அவருக்குப் பல் ஒவ்வொன்றாக ஆடி ஒவ்வொன்றாக விழுந்தது. டாக்டரிடம் யார் போனார்கள் அப்போது, அவரே விரலால் அசைத்து அசைத்து எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்துவிடுவார், அம்மா திட்டிக்கொண்டே எடுத்து எறிவாள். பிறகு செட் கட்டினார். முதல் ஞாயிறு அந்தப் புதுப் பல்லோடு வாசிக்க ஏறினார், அன்றைய பாடத்தில் பார்த்து சீயோனும் சாலேமும் சாமுவேலுமாக வரிசையாக வந்தது, ஒவ்வொரு ச-வுக்கும் செட் மெல்லியதாக ஒரு விசில் அடித்தது. பையன்கள் பக்கத்திலிருந்து பதிலுக்கு ஒரு விசில். நான் சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்காமலிருக்க பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் அவசரமே படாமல் பாடத்தை முடித்தார், ஒரு ச-வையும் விடவில்லை, இறங்கி வந்து உட்கார்ந்தார், அதற்குப் பிறகு ஏறவே இல்லை. பேசும்போது கை வாய்க்கு முன்னால் வந்துவிடும், கை வந்தால் பேச்சு குறையும், பேச்சு குறைந்தால் வீடு... வேண்டாம். வேண்டாம் ஹெப்சிபா, மூக்கால் மூச்சை இழு, அடிவயிறு வரைக்கும், எண்ணு, விடு, பிள்ளைகளுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். ஒரு பல்தானே. ஒன்றாகத்தானே அப்பாவுக்கும் ஆரம்பித்தது. ஒரு பல்தான். கண்ணாடி முன்னால் நின்று கையை வைத்துப் பேசிப் பார்த்தேனே போன மாசம், யாரும் இல்லாதபோது, எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான். அப்பா மாதிரியே இருந்தது. கையை எடுத்துவிட்டு உடனே போய்த் துணி துவைத்தேன்.

சுரண்டுகிறாள். அடிப்பிடித்த பால் சட்டியைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம், ஆனால் சட்டி என் தலை. நோய் பிடித்த சதையெல்லாம் வழித்தெடுத்துவிட வேண்டுமாம், சுத்தமான எலும்பு தெரிகிற வரைக்கும். சத்தம் தாடை வழியாகக் காதுக்கு வருகிறது, வெளியிலிருந்து வரவில்லை, எலும்புக்குள்ளேயே நடந்து வருகிறது. இப்படி ஒரு எலும்புச் சத்தத்தை நான் இதற்கு முன் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன், மாரிச்செல்வியின் கை. மாவட்ட கோ-கோ போட்டி, கம்பத்தைச் சுற்றிப் பாய்ந்து விழுந்தாள், சுள்ளி ஒடிகிற மாதிரி ஒன்று. எழுந்து உட்கார்ந்து கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவுட்டா டீச்சர் என்று கேட்டாள். அவுட்தான்டி, நீ தொட்டுட்டே என்றதும்தான் அழுதாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும், வரிசையில் நின்றவர்களெல்லாம் என் தொண்டைக்குப் பயந்து வழிவிட்டதும் இப்போது நினைத்தாலும் நன்றாக இருக்கிறது. கட்டுப் பிரிக்கிற நாளில் எலும்பு டாக்டர் படத்தை ஜன்னலில் வைத்துக் காட்டினார். முறிந்த இடத்தைச் சுற்றிப் பஞ்சு ஒட்டிய மாதிரி ஒரு மேகம். அதுதான் புது எலும்பு என்றார். அதுவரைக்கும் நான் எலும்பென்றால் கல் மாதிரி என்று நினைத்திருந்தேன், பி.டி. டீச்சர், உடற்கூறு பரீட்சையில் நல்ல மார்க் வேறு. கல் எங்கே மேகம் போடும்? அது உயிரோடு இருக்கிறது, எந்நேரமும் தன்னைத் தானே இடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறது, நாம் தூங்கும்போதும் வேலை நடக்கிறது. மாரிச்செல்வி இப்போது தென்காசிப் பக்கம் எஸ்.ஐ., அந்தக் கையால்தான் லத்தி பிடிக்கிறாள். போன கிறிஸ்துமஸுக்கு வந்து கையை மடக்கிக் காட்டினாள். ஒடிந்த இடம் எது என்று தேடித் தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

சத்தம் நின்றுவிட்டது. ஏன் நின்றது. நஸ்ரின் சுகந்தி அக்காவிடம் விளக்கை இந்தப் பக்கம் திருப்பச் சொல்கிறாள், இளநீர்ப் பச்சை கொஞ்சம் நகர்கிறது. ஏதோ மெல்லிய கம்பியை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்க்கிறாள், தட், தட் என்று தாடைக்குள் கேட்கிறது, இருட்டில் சுவரைத் தடவி ஸ்விட்ச் தேடுகிற மாதிரி. ஒரு தட். அப்புறம் இன்னொரு தட். பிறகு ஒன்றும் இல்லை. அவள் மூச்சு விடுவது கேட்கிறது, முகமூடிக்குள் சூடாக. புங்கமரத்தடியில் உட்கார்ந்து பார்க்கிற அதே பார்வையாகத்தான் இருக்கும், பார்த்துக்கொண்டே இருப்பாள், அவசரப்பட மாட்டாள். சொல்லிவிடு பிள்ளே. ரெண்டுதான் என்றாலும் சொல்லிவிடு. என் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்குகின்றன, இடது கை நாற்காலியின் பிடியைப் பிடித்திருக்கிறது, அந்தக் கைக்கு வாய்க்கு முன்னால் போய் நிற்க ஆசை, நான் விடவில்லை. தட்.

"டீச்சர், மூணு சுவரும் இருக்கு."

ஆங் என்கிறேன். "நல்ல கெட்டியா இருக்கு. பல்லை எடுக்க வேண்டாம்." ஆங், ஆங். குதிக்கிறேன் போலிருக்கிறது, நாற்காலி கிறீச்சென்கிறது. ஆடாதீங்க டீச்சர், கையில கத்தி இருக்கு என்கிறாள் நஸ்ரின், ஆனால் அவள் குரலும் ஆடுகிறது. மூணு. கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, நாக்குப் பக்கம் ஒன்று, என்னை அறியாமல் எனக்குள்ளே அத்தனை அரிப்புக்கும் நின்றுகொண்டிருந்திருக்கின்றன. நான் எத்தனை நாள் ஈறில் ரத்தம் வந்தபோது துப்பிவிட்டுப் போனேன், அவை கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் போகிறது, துடைக்க முடியாது, கூசுகிறது, கூச்சத்தில் சிரிப்பு வருகிறது, வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டு சிரிப்பது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, தொண்டையில் மட்டும் சிரிக்கிறேன், குழாய் அதையும் கொர்ரென்று உறிஞ்சுகிறது. சுகந்தி அக்கா பஞ்சால் என் காதைத் துடைத்துவிடுகிறாள். நல்ல பொம்பளை.

இப்போது குப்பியைத் திறக்கிறார்கள். அதை முன்பே காட்டினாள் எனக்கு, விரல் உயரக் கண்ணாடிக் குப்பி, உள்ளே வறுத்த ரவை மாதிரி கொஞ்சம் தூள். மாட்டு எலும்பில் செய்தது உண்டு, ஆலையில் செய்கிற சுண்ணாம்புச் சத்துத் தூள் உண்டு, உங்கள் தாடையின் பின்பக்கத்திலிருந்தே சுரண்டியும் எடுக்கலாம், ஆனால் இந்தப் பள்ளத்துக்கு நான் வைக்க நினைப்பது மனிதர் கொடுத்த எலும்பு என்றாள். இடுப்பு மூட்டு தேய்ந்தவர்களுக்கு அதை எடுத்துவிட்டுப் புதிது வைக்கிறார்கள் இல்லையா, எடுத்ததை எறியாமல் கொடுக்கச் சம்மதிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதைச் சுத்தம் செய்து உறைய வைத்து உலர்த்திப் பொடித்து வைப்பார்களாம். யாருடையது என்று கேட்டேன். சொல்ல மாட்டார்கள், எனக்கும் தெரியாது என்றாள். அன்று ராத்திரியிலிருந்து எனக்கு அந்த ஆள் யாரென்று தேடுவதே வேலை. முதலில் ஒரு ஓட்டக்காரியாக இருக்கட்டும் என்று நினைத்தேன், தொழில் புத்தி. பிறகு தலைச்சுமையாகக் காய்கறி விற்றவளாக வைத்துப் பார்த்தேன், இடுப்பு தேய அவ்வளவு நடந்திருக்க வேண்டும். பிறகு ஒரு தவில்காரர் கூட வந்தார், அவர் ஏன் வந்தார் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் இப்போது புது இடுப்போடு எங்கோ படியேறிக்கொண்டிருப்பார், வலிக்காமல் ஏறுகிறோமே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டு, மறந்துபோன பழைய இடுப்பில் ஒரு சிட்டிகை பாளையங்கோட்டையில் அல்வாக் கடைக்கு மேலே என் ரத்தத்தில் நனைகிறது என்று தெரியாமல். ரத்தத்தில்தான் குழைக்கிறாள், என் பள்ளத்தில் ஊறுகிற ரத்தம். ஈர மணலை அச்சில் அடைக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வைத்து அமுக்குகிறாள், அழுத்தம் மட்டும் தெரிகிறது. ரொம்ப அடைக்கவும் கூடாதாம், ரத்தக்குழாய் நுழைய இடம் வேண்டுமாம். அவர் எலும்பு எப்போதும் எனக்குள் இருக்குமா என்று கேட்டதற்கு, இருக்காது டீச்சர், அவரைக்கொடிக்குப் பந்தல் போடுவது மாதிரிதான், உங்கள் எலும்பு அதைப் பிடித்துக்கொண்டு வளரும், வளர வளர இது கரைந்துவிடும், கடைசியில் இருப்பது முழுக்க நீங்கள்தான் என்றாள். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. வந்தவரை இருக்கச் சொல்லாமல் அனுப்புகிற மாதிரி. இருந்துவிட்டுப் போங்கள். கொய்யாப்பழம் கடிக்கிற வரைக்குமாவது இருங்கள்.

மேலே மெல்லிய சவ்வு ஒன்றை மூடித் தைக்கிறாள். நூல் இழுபடுவது தெரிகிறது, சேலைக்கு ஓரம் அடிக்கிற கை. தையலின் மேல் ரோஜா நிறத்தில் மாவு மாதிரி எதையோ வைத்து அப்பி, துணியை விலக்கினாள். வெளிச்சம் வெள்ளையாக இருந்தது. முகமூடிக்கு மேலே அவள் கண்கள். என்ன டீச்சர், ஓடவே விடாமப் படுக்க வச்சிட்டேன் என்றாள், நான் அவள் கன்னத்தைத் தட்டினேன், கையுறை போட்ட டாக்டரின் கன்னத்தைத் தட்டலாமா என்று தெரியாது, தட்டிவிட்டேன். பிறகு கதவைத் திறந்து என் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டார்கள். செல்வின். மனசுக்குள் மட்டும்தான் அந்தப் பெயரைச் சொல்லுவேன், வெளியே 'இங்க பாருங்க'தான். நில அளவை அலுவலகத்தில் வேலை. ஆளும் சங்கிலி பிடித்து அளந்த மாதிரிதான் பேசுவார், வீட்டில் பேசுவதெல்லாம் நான்தான், அவர் ம் என்பார், ம்-மில் நாலைந்து வகை உண்டு, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியும். நஸ்ரின் அவரிடம் சொன்னாள், இன்றைக்கு டீச்சர் பேசவே கூடாது, துப்பக் கூடாது, உறிஞ்சு குழாய் போட்டுக் குடிக்கக் கூடாது, அந்தப் பக்கம் மெல்லக் கூடாது, நான் சொல்கிற வரைக்கும் விசில் ஊதவே கூடாது, ஆறு மாசம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். அவர் கேட்க ஆரம்பித்தார். கஞ்சி எவ்வளவு சூட்டில் கொடுக்கலாம். ஐஸ் எத்தனை நேரத்துக்கு ஒரு தரம். எந்தப் பக்கம் படுக்க வேண்டும், தலையணை ஒன்றா ரெண்டா. சர்க்கரை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா, கஞ்சி சாப்பாடு ஆகுமா. தும்மல் வந்தால் என்ன செய்வது. சுகந்தி அக்காவே திரும்பிப் பார்த்தாள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன், ஒன்றுக்கும் குறுக்கே பேச முடியவில்லை, இத்தனை வருஷத்தில் நான் குறுக்கே பேசாமல் அவரை முழுதாகக் கேட்பது இதுதான் முதல் தரமோ என்று திக்கென்றது, ஆனால் திக்கென்றது வருத்தமாக இறங்கவில்லை, புதையல் கிடைத்த மாதிரி இறங்கியது.

ஸ்கூட்டரில் ஏறினோம். வெயில் தாழ்ந்திருந்தது. அவர் பேசிக்கொண்டே ஓட்டினார். காத்திருந்தபோது ஒரு கிழவர் வந்து செட் பல்லைக் காணவில்லை என்று தேடிவிட்டுச் சட்டைப் பையிலிருந்தே எடுத்ததைச் சொன்னார், மூணு முறை கீழே போய் அல்வாக் கடைக்காரனிடம் ஒன்றும் வாங்காமல் நின்றுவிட்டு வந்ததைச் சொன்னார், நான் முதுகில் சாய்ந்து கேட்டுக்கொண்டே வந்தேன், காற்று மரத்த உதட்டில் பட்டும் படாமலும் போயிற்று. கொக்கிரகுளம் பாலத்தில் ஏறினோம். ஆற்றில் தண்ணீர் இருந்தது, பாறைகளைச் சுற்றி ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு திரும்பாமலே சொன்னார்.

"உங்கிட்ட சொல்லல. போன வாரம் நான் தனியா வந்து நஸ்ரினைப் பார்த்தேன். வெளி ஆளு எலும்பு எதுக்கு, என் இடுப்புல இருந்து எடுத்து வைங்கன்னு கேட்டேன்."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று குனிந்தேன்.

"பச்சையா அப்படி வச்சா உன் உடம்பு ஏத்துக்காதாம். பதப்படுத்தித்தான் வைக்கணுமாம். அப்ப பதப்படுத்துங்கன்னேன். அதுக்கு மாசக்கணக்காகும், அதோட ஒரு பல்லுக்காக நல்ல இடுப்பை எந்த டாக்டரும் வெட்ட மாட்டாங்க சார்னு சொல்லிட்டா. டீச்சர்கிட்ட சொல்லாதீங்க, ஆஸ்பத்திரி இடியற மாதிரி சத்தம் போடுவாங்கன்னும் சொன்னா."

நிறுத்துங்கள் என்று சொன்னேன். ஏதோ ஊளையாக வந்தது. வலிக்கிறது என்று நினைத்துப் பதறிப்போய்ப் பாலத்தின் ஓரத்தில் நிறுத்தினார், காலை ஊன்றித் திரும்பினார், ஐஸ் வாங்கட்டுமா, திரும்பிப் போகலாமா, என்ன ஹெப்சி, என்ன என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். வலிக்கவில்லை. சொல்ல எவ்வளவோ இருந்தது, ஒன்றுகூடச் சொல்ல முடியவில்லை, முடியாதது நல்லதுதான், சொல்லியிருந்தால் கத்தித்தான் சொல்லியிருப்பேன். இறங்கி அவருக்கு முன்னால் போய் நின்று, போகிற வருகிற பஸ்ஸெல்லாம் பார்க்க, அவர் இடுப்பில் ரெண்டு தட்டுத் தட்டினேன், பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிற மாதிரி, இது இங்கேயே இருக்கட்டும் என்று. அவருக்குப் புரிந்துவிட்டது. முதலில் ம் என்றார். அந்த ம் எனக்குத் தெரிந்த வகை எதிலும் சேரவில்லை. பிறகு சிரித்தார். எனக்கும் வந்தது, ஒரு பக்கம் மட்டும்தான் மேலேறியது, மறுபக்கம் எச்சில் வழிந்தது, அவர் கைக்குட்டையை எடுத்து என் முகவாயைத் துடைத்துக்கொண்டே சிரித்தார், நான் பாதி வாயால் அவருக்கு ஈடுகொடுத்துக்கொண்டு நின்றேன்.